அஞ்சு பேர்தான் இருந்தாங்க, டீச்சர்

27-க்கு 26. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வாயால் சொல்ல எனக்குப் பல மாதம் ஆனது.

2023 அக்டோபர் கடைசி. பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டியில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கபடி இறுதி ஆட்டம். நாங்கள் 25, அவர்கள் 27. கடிகாரத்தில் பத்துப் பன்னிரண்டு விநாடிதான் பாக்கி. எதிரணிப் பெண் பாடி வந்தாள். எங்கள் பாதியில் இருக்கும் தடுப்புக் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பி ஓடினால் போதும், கோப்பை அவர்களுக்கு. அவள் திரும்பிய நேரத்தில் எங்கள் இடது கார்னர் பெண், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவள், தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். மற்ற பெண்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். 26.

அடுத்தது எங்கள் ரைடு, எங்களில் ஒருத்தி பாடிப் போகும் முறை. நேரம் முடிந்தாலும் தொடங்கிய ரைடை முடிக்க விடுவார்கள், ஆகவே ஆட்டத்தின் கடைசி மூச்சு எங்களுடையது. எதிரணியில் ஆறு பேர் இருந்தது எனக்குத் தெரியும். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து, பின்னங்காலைத் தூக்கிவிட்டாலே ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. எங்கள் ரைடர் அதில் கெட்டிக்காரி. குள்ளமான பெண், ஆனால் கால் மட்டும் கொக்குக் கால். நான் ஓரத்தில் நின்று கத்தினேன்: “போனஸ்! போனஸ் எடு!”

போனாள். கோட்டைத் தாண்டி வைத்தாள், பின்னங்கால் நன்றாகக் காற்றில் நின்றது, யார் கையிலும் படாமல் திரும்பி வந்தாள். நடுவர் தலையை ஆட்டினார். ஒவ்வொருத்தியாக விரல் நீட்டி எண்ணிக் காட்டினார். ஐந்து பேர். ஐந்து பேருக்குப் போனஸ் கிடையாது. விசில்.

அந்த ஆறாவது பெண்ணைத்தான் சற்று முன்பு நாங்கள் பிடித்து வெளியே அனுப்பியிருந்தோம். அந்தப் பிடிக்குத்தான் நான் குதித்தேன். குதித்த குதியில் ஒன்றைக் கழிக்க மறந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆறில் ஒன்று போனால் ஐந்து.

அந்தப் போனஸ் கிடைத்திருந்தாலும் ஆட்டம் சமன்தான் ஆகியிருக்கும், கூடுதல் நேரத்தில் என்ன ஆகியிருக்குமோ என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆறவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை அன்றிரவு படுத்த பிறகுதான் உணர்ந்தேன். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்கு முப்பது விநாடி டைம் அவுட் இரண்டு உண்டு. எங்களிடம் ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டிருந்தால் பெண்கள் சுற்றி நின்றிருப்பார்கள், யாராவது ஒருத்தி எண்ணியிருப்பாள். சட்டைப்பையில் பணத்தை வைத்துக்கொண்டு பசியோடு வீடு திரும்பிய கதை.

*

அன்று மாலை பேருந்து நிலையத்தில் செய்த ஒரே நல்ல காரியம், பன்னிரண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தது. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்ற ஒரு மணி நேரத்துக்குள் நாம் சொல்லும் எதுவும் பிள்ளைகள் காதில் சரியாக விழாது. பாராட்டு பொய்யாகத் தெரியும், திருத்தம் திட்டாகத் தெரியும். கூட வந்திருந்த வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் “பரவாயில்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் பத்தாம் வகுப்பு, எங்கள் பள்ளியோ பத்தோடு முடிகிற உயர்நிலைப் பள்ளி. அந்த நால்வருக்கும் இந்த அணியில் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. அவர் சொன்னதும் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை யாருக்கும் நான் சொல்வதில்லை.

பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கேப்டன் தண்ணீர் பாட்டிலை நீட்டி “குடிங்க டீச்சர்” என்றாள். அப்போதுதான் உறைத்தது. நான் அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது. தோற்றது அவர்கள், பதினைந்து வயது அவர்களுக்கு, என்னைச் சுமக்கும் வேலையும் அவர்கள் தலையில். அழ வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய் அழ வேண்டும். இதைப் பயிற்சியாளர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

திங்கட்கிழமை காலை பயிற்சி நேரத்தில் புங்கமரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னேன்: “கடைசி ரைடுல தப்பு என்னுது. அஞ்சு பேர் இருந்தப்ப ஆறுன்னு நெனச்சு போனஸ் கேட்டேன். டைம் அவுட் இருந்துச்சு, அதையும் கேக்கல.” அவ்வளவுதான். மன்னிப்பை நீட்டினால் அதுவும் ஒரு விதத்தில் ஆறுதல் கேட்பதாகிவிடும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரைடர் மெதுவாகச் சொன்னாள்.

“அஞ்சு பேர்தான் இருந்தாங்க, டீச்சர். எனக்குத் தெரியும். நடுக்கோட்டத் தாண்டும்போதே எண்ணிட்டேன்.”

“அப்புறம் ஏன்மா போன?”

“நீங்க சொன்னீங்கல்ல.”

*

இதைப் புரிந்துகொள்ள அந்த ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். வடுவூர் மாதிரி கபடிக்குப் பேர்போன ஊர்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன, ஆனால் அந்தப் பேரெல்லாம் பெரும்பாலும் பையன்கள் வாங்கித் தந்தது. கோயில் திருவிழாவில் டியூப் லைட் கட்டி விடிய விடிய ஆடுவதும் அவர்கள்தான். பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த வருஷம் அணிக்குப் பதினெட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முதல் பிரச்சினை அரைக்கால் டிரவுசர். லெக்கிங்ஸ் மேல் போட்டுக்கொள்ளலாம் என்றதும் பாதி வீடு சமாதானமானது. மீதி வீடுகளுக்கு நானே போனேன். அதில் சிரமமில்லை, டீ குடித்துக் குடித்து வயிறுதான் கெட்டது.

இரண்டாவது பிரச்சினை களம். டெல்டா மண் மழைக்குச் சேறு, வெயிலுக்குக் கல். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். ஒரு பெண்ணின் அப்பா டிராக்டரில் இரண்டு நடை செம்மண் கொண்டுவந்து கொட்டினார். ஆற்று மணல் கலந்து, கல் பொறுக்கி, தினமும் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலை 12 மீட்டர் நீளம் 8 மீட்டர் அகலத்துக்குக் கோடு போடுவோம். கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி போட்ட முதல் வாரம் சிராய்ப்பெல்லாம் எரிந்து புண்ணாகிவிட்டது. பிறகு கோலமாவுக்கு மாறினோம். எறும்பு வரும், ஆனால் எரியாது.

மூன்றாவது பிரச்சினை நான் எதிர்பார்க்காதது. குரல்.

கபடியில் எதிர்ப்பக்கம் போகிறவள் ஒரே மூச்சில் “கபடி கபடி” என்று நடுவர் காதில் விழும்படி பாட வேண்டும். பாட்டு விட்டுப்போனால் அவுட். டிவியில் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சடங்கு மாதிரி தெரியும், பள்ளி ஆட்டத்தில் நடுவர்கள் கறாராகப் பார்ப்பார்கள். என் பெண்களுக்குச் சத்தமே வரவில்லை. சுற்றுச்சுவர் மேல் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி வாயைத் திறந்ததும் அங்கிருந்து அதே மாதிரி கீச்சுக்குரலில் ஒரு “கபடி” வரும். அவ்வளவுதான், தொண்டை அடைத்துவிடும். அதில் மோசம் இந்த ரைடர் பெண். வகுப்பில் வருகைப் பதிவுக்கு “உள்ளேன் ஐயா” சொன்னால்கூட இரண்டாம் பெஞ்சைத் தாண்டாது.

சுவரில் இருந்த பையன்களைத் துரத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். துரத்தினால் போட்டிக்கு வரும் கூட்டத்தை யார் துரத்துவது? ஆகவே விட்டுவிட்டேன். பெண்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, மூச்சு பிடித்துப் பாடச் சொன்னேன். ஸ்டாப்வாட்ச் என் கையில். ஒரு ரைடுக்கு 30 விநாடி. முதல் நாள் அவளுக்கு 9 விநாடி, அதுவும் பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு. ஜூலை நடுவில் 19. ஆகஸ்டில் 27. ஒரு நாள் சுவரில் இருந்த பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எங்கே எழுதி வைப்பது என்று தெரியவில்லை. நோட்டில் “27” என்று மட்டும் எழுதினேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒவ்வொருத்திக்கும் ஒன்று. மூச்சு எத்தனை விநாடி, எத்தனை பிடி, காலையில் சாப்பிட்டாளா, எங்கே வலி. ஓரத்தில் ஒரு புள்ளி வைப்போம். மாதவிடாய் நாள் என்று அர்த்தம், வாயால் சொல்ல வேண்டாம். அந்தப் புள்ளி வந்த பிறகுதான் “தலைவலி டீச்சர்” என்று மாதாமாதம் நின்றுபோன பயிற்சிகளின் கணக்கு எனக்கு விளங்கியது. அந்த நாளில் ஆடுவதா, கோடு போடுவதா, ஸ்கோர் எழுதுவதா என்பதை அவளே முடிவு செய்வாள். சாப்பாட்டுப் பத்தியும் அப்படித்தான். பாதிப் பேர் வெறும் வயிற்றில் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊறவைத்த கடலையும் ஆளுக்கொரு வாழைப்பழமும் ஏற்பாடு செய்தோம். புதிதாக அணி தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், பிடிமுறைகளை அப்புறம் சொல்லித் தரலாம்.

குறுவட்டப் போட்டியில் மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. நான் வந்ததிலிருந்து எங்கள் பள்ளிப் பெண்கள் குறுவட்டத்தைத் தாண்டியது அதுதான் முதல் முறை. மாவட்டப் போட்டி மண்ணில் இல்லை, ‘மேட்’ விரிப்பின் மேல் என்று சொல்லிவிட்டார்கள். மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர்களுக்கு மேட் என்பது வேறு கிரகம். ஷூ வேண்டும், திரும்பும்போது கால் மண்ணில் மாதிரி சறுக்காமல் ஒட்டும், பாய்ந்து விழுந்தால் முழங்கை தீய்ந்துவிடும். பக்கத்து ஊர் கிளப்பில் கெஞ்சி இரண்டு நாள் ஆடவிட்டார்கள், ஷூவும் இரவல். இரண்டு நாள் போதாது. குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், முழங்கை உறை கட்டாயம். இது அடிபட்டுக் கற்றது.

நடுவில் அக்டோபர் 7. சனிக்கிழமை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவும் சீனத் தைபேயும். தொடரின் முதல் ஆட்டத்தில் இதே அணியோடு 34-34 என்று சமன். காலையில் என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். 26-25. ஒரு புள்ளியில் தங்கம். களமே அதிர்ந்தது. 2018 ஜகார்த்தாவில் ஈரானிடம் 27-24 என்று தோற்று வெள்ளியோடு வந்த கதையையும் அன்றைக்குச் சொன்னேன். அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்றதும் ஒருத்தி, “அப்ப அவங்க அன்னைக்கு ஜெயிச்சாங்களா தோத்தாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று காலை எங்களில் ஒருவர்கூட தைபே பெண்களின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் ஒரு புள்ளியில் தோற்றவர்களின் பக்கம் நாங்களே நின்றோம்.

*

“நீங்க சொன்னீங்கல்ல” என்று அவள் சொன்னதற்கு வருகிறேன்.

ஐந்து மாதம் அவளுக்குக் குரல் எழுப்பச் சொல்லிக் கொடுத்தேன் என்று பெருமையாக இருந்தேன். உண்மையில் எதிரியை நோக்கிக் குரல் எழுப்பத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஓரத்தில் நிற்கும் டீச்சரை நோக்கி “இல்ல, அஞ்சுதான்” என்று சொல்ல அவளுக்கு இடமே தரவில்லை. நான் கத்துவேன், அவர்கள் செய்வார்கள். ஆறு ஆட்டம் அப்படியே ஜெயித்ததால் அது சரியான வழி என்றே நம்பிவிட்டோம். ஜெயித்த ஆட்டங்களில் நான் கத்திய தப்புகள் எத்தனை இருக்கும்? ஸ்கோர் ஷீட்டில் அது வராது.

அவள் திங்கட்கிழமை அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னதுதான் அந்த சீசனில் நடந்த பெரிய விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த வாரமே கடைசி ரைடை மண் களத்தில் மறுபடி ஆடிப் பார்த்தோம். அதே ஸ்கோர், அதே பத்து விநாடி, எதிரே ஐந்து பேர். பன்னிரண்டு பேரும் ஒவ்வொருத்தியாக ரைடர். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு பேர் கார்னரைத் தொடப் போனார்கள், மூன்று பேர் பயந்து நின்றார்கள், இரண்டு பேர் ஐந்து பேர் என்று தெரிந்தும் பழக்கத்தில் போனஸ் கோட்டுக்கே போனார்கள். தொட்டுவிட்டுத் திரும்பியவர்கள் நால்வர்தான். ரைடர் தன் முறையில் வலது கார்னரைக் கால் நீட்டித் தொட்டுவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தோல்வியை வாயால் பேசுவதைவிட இப்படிக் காலால் பேசுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். தினமும் செய்தால் அது புண்ணைச் சொறிவது.

அப்புறம் சில ஏற்பாடுகளை மாற்றினோம். எங்கள் ரைடர் எதிர்ப்பக்கம் போகும்போது பின்னால் நிற்கும் இடது கார்னர்தான் எண்ணுவாள். எதிரே எத்தனை பேர் என்று உரக்கச் சொல்ல வேண்டும்: “ஆறு!” “அஞ்சு!” “நாலு!” களத்தில் நாங்கள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது எதிரணி ரைடரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி உண்டு என்பதையும் அவளே நினைவுபடுத்துவாள். கடைசி மூன்று நிமிடம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். டைம் அவுட் கேட்கும் உரிமை கேப்டனுக்கு. முதலில் இதில் எனக்குக் கைகால் நடுங்கியது என்பதே உண்மை. பதினாறு வருஷமாகக் கத்தியே ஆட்டத்தை நடத்திப் பழகியவளுக்கு வாயைக் கட்டுவதைவிட முப்பது பஸ்கி எடுப்பது சுலபம்.

நோட்டுகளை நவம்பரில் திருப்பிக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, ஒவ்வொருத்தியின் நோட்டிலிருந்தும் ஜூன் பக்கத்தையும் அக்டோபர் பக்கத்தையும் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். “நல்லா ஆடின” என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். “ஜூன்ல 9, அக்டோபர்ல 28” என்றால் யாரும் மறுக்க முடியாது. இடது கார்னர் பெண் ஒரு சீசனில் எத்தனை கணுக்கால் பிடித்தாள் என்று வாசித்தபோது அவளுக்கே ஆச்சரியம். மாற்று ஆட்டக்காரியாக இருந்து ஒரே ஒரு ஆட்டத்தில் நான்கு நிமிடம் ஆடிய பெண்ணின் நோட்டில் பக்கம் பக்கமாக “கோடு போட்டாள்” என்றிருந்தது. அதையும் வாசித்தேன். கொஞ்சம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் அவளுக்கு இன்னும் சில நிமிடமாவது ஆட்டம் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு நால்வருக்கும் ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக் கொடுத்து, கிளப் போட்டிகளுக்கு அனுப்பினேன். களத்தோடு ஒரு தொடுப்பு இருக்கட்டும் என்பதற்காகத்தான். இருவர் அதற்கப்புறம் ஆடவில்லை. வீட்டில் விடவில்லை, நானும் போய்ப் பேசிப் பார்த்தேன், டீ குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி, பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு, பதினோராவதில் ஆஸ்திரேலியாவிடம் உலகக் கோப்பையை விட்டது. மறுநாள் பள்ளியில் பையன்கள் இழவு வீட்டு முகத்தோடு திரிந்தார்கள். எங்கள் பெண்கள் அவர்களைக் கேலி செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். கேப்டன் மட்டும் கோலமாவு டப்பாவை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள்: “பஸ்ஸுல அவங்களுக்கு யாரு டீச்சர் பரோட்டா வாங்கிக் குடுத்திருப்பா?”

*

2024 குறுவட்டப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. அரையிறுதி. புது அணி, பாதி எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. கடைசி இரண்டு நிமிடம், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். நான் பெஞ்சில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. புது ரைடர் நடுக்கோட்டுக்கு வந்து நின்றாள். புது இடது கார்னர் பதற்றத்தில் எண்ண மறந்துவிட்டாள். எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. கடித்துக்கொண்டேன்.

அப்போது சுற்றுச்சுவர் மேலிருந்து, பையன்கள் வரிசையாக உட்காருவார்களே அதே இடத்திலிருந்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிச் சீருடை, பதினோராம் வகுப்பு, கொக்குக் கால் இரண்டும் சுவரில் தொங்குகின்றன.

“அஞ்சு பேருடீ! எண்ணிட்டுப் போ!”